ஸ்கிட் ஸ்டீர் லோடரின் பார்க்கிங் பிரேக்: நம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் ஃபவுண்டரிகளில் மணல் அள்ளுவது, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் வாருவது, கிரானைட் பட்டறைகளில் சேறு தள்ளுவது, தருமபுரிப் பக்கம் கோழிப்பண்ணை எரு வழிப்பது என்று எல்லா வேலைக்கும் இப்போது ஸ்கிட் ஸ்டீர் என்ற சிறு லோடர் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நாம் பாப்கேட் என்றே சொல்கிறோம். அதன் பார்க்கிங் பிரேக் பற்றி ஆபரேட்டர்களும் ஓனர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. அழுத்த அளவு, இடைவெளி அளவு போன்றவை மாடலுக்கு மாடல் மாறும். அவற்றை மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

ஏங்க, இந்த வண்டியில பிரேக் பெடலே காணோமே, ஹேண்ட் பிரேக் எங்க இருக்கு?

ஓடும்போது நிறுத்துவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் தனி பிரேக் கிடையாது. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் பம்ப் ஆயில் அனுப்புவதை நிறுத்தும், அந்த ஆயிலால் சுழன்று சக்கரத்தை ஓட்டும் மோட்டார் நிற்கும், வண்டியும் நிற்கும். நிறுத்தி வைப்பதற்குத்தான் பார்க்கிங் பிரேக். டாஷ்போர்டிலோ லீவர் தலையிலோ வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்ட சுவிட்ச் இருக்கும். மடிக்கு மேல் இறங்கும் சீட் பாரைத் தூக்கினாலும், சீட்டை விட்டு எழுந்தாலும், சாவியை அணைத்தாலும் பிரேக் தானாகப் பிடிக்கும்படி பல வண்டிகள் செய்யப்பட்டிருக்கின்றன. ரொம்பப் பழைய வண்டிகளில் கையால் இழுக்கும் லீவரோ காலால் மிதிக்கும் பெடலோ இருக்கும்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். காரில் நாம் இழுத்தால்தான் ஹேண்ட் பிரேக் பிடிக்கும். இதில், கையால் இழுக்கும் பழைய வகை தவிர, அப்படியே தலைகீழ். பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். என்ஜின் ஓடி, சீட் பார் இறங்கி, கரண்டும் ஆயில் அழுத்தமும் சரியாக வந்து சேர்ந்தால்தான் அது விடும். பெரும்பாலான வண்டிகளில் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது ஆயில். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்தே புரிந்துவிடும்.

லீவரை விட்டாலே வண்டி நின்னுடுது. அப்புறம் பார்க்கிங் பிரேக் எதுக்கு?

லீவரை விட்டதும் நிற்பது ஆயில் அடைபட்டு நிற்பதால். ஆனால் மோட்டாருக்குள்ளும் பம்புக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. என்ஜினை அணைத்தால் அந்தப் பிடிப்பும் தளர்ந்துவிடும். சரிவில் நின்றால் வண்டி ஊர்ந்து இறங்க ஆரம்பிக்கும்.

இந்த வண்டியில் இறங்கும் வழி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பக்கவாட்டில் கதவு இல்லை. பக்கெட்டைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கும் நடுவில், பக்கெட்டைத் தாண்டி, வண்டிக்கு முன்னால்தான் கால் வைத்து இறங்குகிறோம். பிரேக் பிடிக்காத வண்டி முன்னோக்கி நகர்ந்தால், அதன் பாதையில் முதல் ஆளாக நிற்பது அதை ஓட்டி வந்தவர்தான். ஓரிரு அடி நகர்ந்தாலே போதும், சுவருக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் ஆள் சிக்கிவிடுவார். அதனால்தான் இந்த பிரேக்கை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் வேலைகளில் சேர்க்கக் கூடாது என்று பார்க்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

என் வண்டியில இருக்கறது எந்த வகை பிரேக்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நம் பக்கம் ஓடும் வண்டிகளில் இரண்டு வகை அதிகம். முதல் வகை டிஸ்க் பிரேக். இரண்டு பக்க டிரைவ் மோட்டாருக்குள்ளும் உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடிக்கும், சார்ஜ் பம்பின் (டிரைவ் பம்புக்கு ஆயில் ஊட்டும் சிறு பம்ப்) ஆயில் பிஸ்டனைத் தள்ளி விடுவிக்கும். இடையில் ஒரு சொலினாய்டு வால்வு, அதாவது கரண்ட் வந்தால் காந்தத்தால் திறக்கும் வால்வு, வழிவிடும். மோட்டாருக்கு வரும் தடித்த ஹோஸ்களோடு மெல்லிய ஹோஸ் ஒன்று தனியாக வந்தால், அது பெரும்பாலும் பிரேக் லைன்.

இரண்டாவது வகை பழைய பாப்கேட் மாடல்கள் பலவற்றில் இருக்கும் டிராக்‌ஷன் லாக். அதில் உராய்வுத் தட்டு கிடையாது. டிரைவோடு சேர்ந்து சுழலும் பள்ளம் வெட்டிய தட்டில் ஓர் எஃகு ஆப்பு விழுந்து பூட்டிக்கொள்ளும். அந்த ஆப்பைத் தூக்கிப் பிடிப்பது மின்சார சொலினாய்டு. சீட் பாரை இறக்கியதும் சீட்டுக்குக் கீழே 'டக்' என்று கனமான சத்தம் கேட்டால் இந்த வகைதான். கேபிள் இழுத்துப் பிடிக்கும் மூன்றாவது வகையும் உண்டு. அதற்குக் கேபிளை மேனுவல் அளவுக்கு இறுக்கி, உறைக்குள் துரு பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரேக் பிடிக்குதான்னு தினமும் எப்படிப் பார்க்கறது?

சமதளத்தில், எதிரே ஆளும் சுவரும் இல்லாத இடத்தில், பெல்ட் போட்டு உட்கார்ந்து, பக்கெட்டைத் தரையிலிருந்து ஓர் அடிக்குள் வையுங்கள். என்ஜினைக் குறைந்த வேகத்தில் விட்டு, பார்க்கிங் சுவிட்சைப் போட்டு, லீவரை மெதுவாகக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். என்ஜின் திணற வேண்டும், வண்டி நகரக் கூடாது. அவ்வளவுதான். முழு வேகத்தில் திமிர வைத்துச் சோதித்தால் தட்டுகள்தான் தேயும். சில புது மாடல்களில் பிரேக் போட்டதுமே டிரைவ் துண்டிக்கப்பட்டுவிடும். அவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே ஊர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதோடு சீட் பாரைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் சத்தம் கேட்கிறதா, பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. வேலை முடிந்து இறங்கும்போது பக்கெட் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகுது, ஆனா வண்டி ஒரு அடி நகர மாட்டேங்குது. பிரேக் போயிடுச்சா?

பிரேக் போகவில்லை. விட வேண்டியது விடவில்லை. முதலில் பக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். பக்கெட்டும் அசையவில்லை என்றால், நீங்கள் உட்கார்ந்திருப்பதையோ சீட் பார் இறங்கியிருப்பதையோ வண்டி உணரவில்லை. சீட் சுவிட்ச், சீட் பார் சென்சார், கதவு இருந்தால் கதவு சுவிட்ச், இவற்றின் கனெக்டர், ஃபியூஸ் என்று பார்த்துக்கொண்டு போங்கள். பக்கெட் நன்றாகத் தூக்குகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால், தேட வேண்டியது பிரேக் சொலினாய்டையும் அதற்குப் போகும் வயரையும் சார்ஜ் அழுத்தத்தையும். பக்கெட் வேகமாகத் தூக்குவதால் ஆயில் அழுத்தம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். பக்கெட்டின் பம்ப் வேறு, சார்ஜ் பம்ப் வேறு.

சொலினாய்டைப் பார்ப்பதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தரையைத் தொடாமல் செய்துவிடுங்கள். பிரேக் எதிர்பாராமல் விட்டால் வண்டி பாயும். கனெக்டரைக் கழற்றி, பிரேக்கை விடுவிக்கும் நிலையில் மீட்டரில் பார்த்தால் பேட்டரி அளவுக்கு வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு வயரிங்கில். வோல்ட் வருகிறது, கனெக்டரைத் திரும்ப மாட்டிக் காயில் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் காந்தம் இழுக்கவில்லை என்றால் காயில் எரிந்திருக்கும். காந்தமும் இழுக்கிறது, வண்டி அசையவில்லை என்றால் வால்வுக்குள் நகரும் தண்டு (ஸ்பூல்) மாட்டியிருக்கலாம், அல்லது சார்ஜ் அழுத்தம் போதவில்லை. கேஜ் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் அழுத்தம் 20 முதல் 30 பார் வரை காட்டும். சரியான எண் மேனுவலில் இருக்கும்.

மோட்டாரைப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால், இவ்வளவும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். நான் பார்க்கும் 'பிரேக் ஜாம்' புகார்களில் பெரும்பாலானவை பச்சை பூத்த கனெக்டரிலோ எலி கடித்த வயரிலோ முடிந்துவிடுகின்றன.

சரிவுல நிறுத்தினேன். திரும்ப எடுத்தா 'டங்'குனு மாட்டிக்கிட்டு விடவே இல்ல.

இது ஆப்பு வகை வண்டிகளில் வருவது. வண்டியின் முழு எடையும் ஆப்பின் மேல் சாய்ந்திருப்பதால் சொலினாய்டுக்கு அதைத் தூக்கும் பலம் போதவில்லை. சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, லீவரை மேட்டுப்பக்கமாக லேசாக அசைத்தால் எடை ஆப்பை விட்டு விலகும், 'டக்' என்று விட்டுவிடும். விடவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். இந்த சொலினாய்டில் இரண்டு சுற்று உண்டு. ஒன்று இழுத்துத் தூக்குவது, மற்றது தூக்கியதைப் பிடித்து வைப்பது. தூக்கும் சுற்றுக்கு ஒரு நொடியில் நிறைய கரண்ட் வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ தூக்காது. தூக்காமலே திரும்பத் திரும்ப முயன்றால் காயில் சூடாகி எரிந்துவிடும்.

சம்மட்டியால் தட்டி விடுவிக்கும் பழக்கம் வேண்டாம். அதைச் செய்வதற்கு ஒருவர் வண்டிக்கு அருகில் சரிவில் நிற்க வேண்டியிருக்கும். ஆப்பு விட்ட அந்த நொடியில் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

எங்க வண்டி கிரானைட் பட்டறையில ஓடுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவ இதே தொல்லை. ஏன்?

சேறுதான் காரணம். கிரானைட் அறுக்கும்போது வரும் சேற்றில் கல் மாவு இருக்கிறது. கேங் சா (பல பிளேடு ஒன்றாக ஓடும் ரம்பம்) ஓடும் பட்டறை என்றால் எஃகுத் துகளும் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் போல எல்லா இடுக்கிலும் போகும். காய்ந்தால் சிமெண்ட். ஒரு வண்டியின் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே விரல்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறப் பாளம் படிந்திருக்கும். உளி வைத்துப் பெயர்த்தால் அதில் ஹோஸ் கிளாம்பின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். அந்தப் பாளத்துக்குள் ஆப்பு எப்படி ஏறி இறங்கும்? எஃகுத் துகள் சொலினாய்டின் உள்தண்டிலும், காந்தம் வைத்த சீட் பார் சென்சாரிலும் ஒட்டிக்கொள்ளும். அப்போது சீட் பார் எங்கே இருக்கிறது என்பதே வண்டிக்குத் தெரியாமல் போகும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஓடும் வண்டிக்கு மேனுவலில் சொன்ன இடைவெளி போதாது. வாரம் ஒருமுறை அடித்தகட்டைத் திறந்து, சேறு காய்வதற்குள் கழுவி விடுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்கும்போது கனெக்டர் மேலும் சொலினாய்டு மேலும் நேராக அடிக்காதீர்கள். கழுவியதும் காற்று அடித்து உலர்த்துங்கள். ஆப்பில் கிரீஸ் பூசினால் சேறு அதில் ஒட்டி இன்னும் மோசமாகும். சுத்தமாக, உலர்வாக வைத்தால் போதும்.

மாங்கூழ் சீசன் முடிஞ்சு நிறுத்தின வண்டி. ஆறு மாசம் கழிச்சு எடுத்தா பிரேக் விடல. சும்மாதானே நின்னுச்சு?

சும்மா நிற்பதுதான் அதற்கு ஆகாதது. மாம்பழச் சாறு புளிப்பானது. கனெக்டருக்குள் போய்க் காய்ந்தால் செம்பு முனைகளை அரித்துவிடும். கோழி எரு அள்ளும் வண்டியில் அம்மோனியா இதே வேலையைச் செய்யும். இந்த வண்டி பிறந்ததே அந்த எரு வழிக்கத்தான். 1957-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வான்கோழிப் பண்ணையாளர் ஒருவருக்காக கெல்லர் சகோதரர்கள் செய்து கொடுத்த சிறு லோடர்தான் இதன் முன்னோடி. அப்போது அதில் சென்சாரும் கனெக்டரும் இல்லை, அதனால் அரிப்பதற்கும் ஒன்றுமில்லை.

சீசன் முடிந்ததும் கழுவி உலர்த்தி, கனெக்டர்களைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, டை-எலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடுங்கள். பேட்டரி முனையைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடாகும்வரை ஓட்டி, பிரேக்கைப் போட்டுப் போட்டு எடுங்கள். எலித் தொல்லைக்கு, கேபின் அடியில் சேரும் வைக்கோலையும் கந்தல் துணியையும் எடுத்துவிடுவதே பாதி வைத்தியம்.

காலையில நல்லா ஓடுது. மதியம் சூடானதும் யாரோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் சூடானால் நீர்த்துப்போகும். தேய்ந்த சார்ஜ் பம்பில் நீர்த்த ஆயில் உள்ளேயே கசிந்து, அழுத்தம் இறங்கும். பிரேக்கை முழுதாக விடுவிக்கும் அளவுக்குக் கீழே அழுத்தம் போனால், தட்டுகள் பாதி பிடித்தபடியே சுழலும். அந்த உராய்வில் ஆயில் இன்னும் சூடாகும், அழுத்தம் இன்னும் இறங்கும். ஏப்ரல், மே வெயிலிலோ மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும் நேரத்திலோ இந்தச் சுழலில் மாட்டிய வண்டி சில நாளிலேயே தட்டுகளைக் கருக்கிவிடும்.

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். ஆயில் அளவு, ரேடியேட்டரோடு இருக்கும் ஆயில் கூலரில் தூசி, ஃபில்டர் அடைப்பு. பிறகு சூடான நிலையிலேயே, குறைந்த வேகத்தில் சார்ஜ் அழுத்தத்தைக் கேஜில் பாருங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் பார்த்துவிட்டு 'பிரஷர் ஓகே' என்று சொல்வதில் பயனில்லை. கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். கறுப்புத் துகளோ வெண்கல மினுமினுப்போ தெரிந்தால் தட்டுகள் தேய ஆரம்பித்திருக்கலாம்.

இடது பக்கம் மட்டும் இழுக்குது. வலது பக்கம் நல்லா இருக்கு.

சார்ஜ் பம்பும் பிரேக் சொலினாய்டும் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் பொது. அவற்றில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து பிரேக் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிஸ்டன் சீல் தேய்ந்து ஆயில் மோட்டாருக்குள் கசிகிறது. அரை மணி ஓட்டிவிட்டு இரண்டு மோட்டார்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தால் எந்தப் பக்கம் என்று சந்தேகமில்லாமல் தெரியும். ஹோஸில் கசிவைக் கை வைத்துத் தேடாதீர்கள். ஊசித்துளையில் பீய்ச்சும் ஆயில் தோலுக்குள் ஏறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. அட்டையை வைத்துப் பாருங்கள்.

பிரேக் போட்டும் சரிவுல மெதுவா இறங்குது. தட்டு மாத்தணுமா?

இது மேலே சொன்னவற்றுக்கு நேர் எதிரான கோளாறு. அதே சரிவில், சீட்டில் இருந்தபடி, என்ஜின் ஓடும்போது சுவிட்சைப் போட்டும், என்ஜினை அணைத்தும் பாருங்கள். அணைத்தால் பிடிக்கிறது, ஓடும்போது மட்டும் நழுவுகிறது என்றால் தட்டில் குறையில்லை. வால்வு முழுதாக மூடாமல் பிரேக் லைனில் அழுத்தம் தங்கியிருக்கிறது. இரண்டிலும் நழுவினால் தட்டோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பிரேக் இருப்பது மோட்டாரில். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி இருக்கிறது. சங்கிலி அறுந்தால் பிரேக் பத்திரமாகப் பிடித்திருக்கும், சக்கரம் மட்டும் தன்போக்கில் உருளும். பிரேக் போட்டதும் அரைச் சாண் நகர்ந்து, 'தட்' என்று நிற்கிறது என்றால் சங்கிலி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சங்கிலிப் பெட்டியின் ஆயிலை மாற்றும்போதே அதன் தொய்வையும் அளந்துவிடுங்கள். 1000 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பல மேனுவல்களில் இருக்கும் கணக்கு. சேற்றில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே.

சீட் சுவிட்ச் அடிக்கடி தொல்லை. ஷார்ட் பண்ணிவிட்டா வேலை நடக்குமே?

நடக்கும். அதற்கப்புறம் ஆள் இறங்கினாலும் பிரேக் பிடிக்காது, பக்கெட்டும் பூட்டாது. இறங்கும்போது கால் லீவரிலோ பெடலிலோ பட்டால் வண்டி முன்னால் பாயும். முன்னால் யார் இருப்பார் என்பதை இரண்டாவது கேள்வியிலேயே சொன்னேன். ஒரு நாள் கூலி போகுமே என்று ஷார்ட் செய்து கொடுக்கும்படி கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. தற்காலிகம் என்று போட்ட வயர் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், அடுத்து வரும் புது ஆபரேட்டருக்கு அது இருப்பதே தெரியாது. வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் முதல் வேலையாகச் சீட் பாரைத் தூக்கி பக்கெட் பூட்டுகிறதா என்று பாருங்கள்.

சில பாப்கேட் மாடல்களில் டிராக்‌ஷன் லாக் ஓவர்ரைடு என்று ஒரு பட்டன் உண்டு. சீட் பார் தூக்கிய நிலையில் பிரேக்கை விடுவிக்க அது. பேக்ஹோ என்ற தோண்டும் கருவி மாட்டி வேலை செய்யும்போதும் சர்வீஸுக்கும் வைத்தது. தினசரி ஓட்டத்துக்கு வைத்தது இல்லை.

நடு ரோட்டுல நின்னுபோச்சு. டிராக்டர் கட்டி இழுக்கலாமா?

அப்படியே இழுத்தால், பிடித்த தட்டுகள் கருகும். பிரேக்கை விடுவித்துவிட்டு இழுத்தாலும் மோட்டார் ஆயில் இல்லாமல் சுழன்று கெடும். கிரேனில் தூக்கி டிரெய்லரில் வைப்பதுதான் சரி. ஓரத்துக்கு நகர்த்த மட்டும் வேண்டுமென்றால், கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தோ போல்ட் போட்டோ பிரேக்கை விடுவிக்கும் வழி உங்கள் மாடலில் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

டிரெய்லர்ல ஏத்தினா பார்க்கிங் பிரேக் போட்டா போதாதா? சங்கிலி எதுக்கு?

தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரெய்லர் சட்டென்று பிரேக் அடித்தால், பிரேக் பிடித்த சக்கரமே பலகையில் வழுக்கிக்கொண்டு போகும். பக்கெட்டைப் பலகையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, முன்னும் பின்னும் கட்டுவதற்கென்று இருக்கும் இடங்களில் சங்கிலி போட்டு இறுக்குங்கள். காலி பக்கெட் என்றால் ரிவர்ஸில் ஏற்றுங்கள். அப்போது வண்டியின் கனமான பின்புறம் மேட்டுப்பக்கம் இருக்கும்.

எல்லாம் பார்த்தாச்சு. ஆனா ஓடிட்டு இருக்கறப்பவே எப்பவாவது டக்குனு பிரேக் புடிச்சு தூக்கி அடிக்குது.

விட்டு விட்டு வரும் கோளாறு, கண்டுபிடிக்கக் கஷ்டமானது. அதுவரை பெல்ட் போடாமல் யாரும் ஓட்டக் கூடாது. தலை முன் கம்பியில் மோதும். ஓடும்போது பிரேக் விழுவது என்றால், விடுவிக்கும் கரண்ட் ஒரு கணம் அறுபடுகிறது. எப்போது வருகிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். மேடு பள்ளத்தில் வந்தால் சீட் சுவிட்சைச் சந்தேகப்படலாம். ஒல்லியான ஆள் சீட்டிலிருந்து எம்பும்போது சுவிட்ச் விட்டுவிடும். பக்கெட்டைத் தூக்கும்போது வந்தால் வயரிங் எங்கோ உரசுகிறது.

என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, மீட்டரைக் காயில் வயரில் மாட்டிவிட்டு, ஒருவர் சீட்டில் இருக்க, மற்றொருவர் வயரிங் கட்டை அடி அடியாகப் பிடித்து அசைக்க வேண்டும். என்ஜின் ஓடாமல் சொலினாய்டுக்குக் கரண்ட் வராத மாடல் என்றால், அந்த வயரின் இரு முனையையும் கழற்றி, தொடர்பு அறுபடுகிறதா என்று மீட்டர் சத்தத்தில் கேட்கலாம். கேபினைப் பின்னால் சாய்க்கும் கீல் பக்கம், சீட்டுக்கு அடியில், எர்த் போல்ட் இறுக்கிய இடம், இந்த மூன்றிலும் அதிக நேரம் செலவிடுங்கள். வெளியே உறை நன்றாக இருந்து, உள்ளே செம்பு நூல்களில் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். கண்டுபிடித்த வயரை முறுக்கி டேப் சுற்றாமல், அந்தத் துண்டை வெட்டி எடுத்து, அதே பருமன் வயரைச் சால்டர் வைத்துச் சேர்த்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, உரசிய இடத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.